புரட்டாசிக்குக் கிடைத்த பாராட்டு

1. புரட்டாசி மாதம் முழுவதும் அப்பா சைவம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் தினமும் போட்டார்.
2. மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு 1.7 மில்லிமோல். டாக்டருக்குத் திருப்தி.
3. அப்பா மாத்திரையை நிறுத்தினார்.
4. தீபாவளிக்கு ஆட்டுக்கறி. அதற்குப் பிறகும் ஆட்டுக்கறி.
5. அடுத்த பரிசோதனையில் 3.9. டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினார்.

போடாத மாத்திரை போதவில்லை என்று இன்னும் ஒரு மடங்கு. இதற்கு ஒருவர் படித்திருக்கிறார், இன்னொருவர் அவருக்குக் கைகட்டித் தலையாட்டியிருக்கிறார்.

அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குழாய் மறுபடி அடைக்காமல் இருக்கத்தான் மாத்திரை. காஹாங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை இன்னமும் அவர்தான் ஓட்டுகிறார். வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் சுற்றிலும் செம்பனை மரங்கள் மட்டுமே.

நான் கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பாராட்டுக் கொடுப்பவரை நாங்கள் இயந்திரத்தின் பக்கமே விடுவதில்லை. சொந்த ஊரான லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் சர்வ சுதந்திரமாக இருக்கிறார். என் சித்தப்பா. வாட்ஸ்அப் பார்த்தே இதய நிபுணர் ஆனவர்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது, சாமி அலமாரிக்குக் கீழே மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. சித்தப்பாதான் விளக்கம் சொன்னார்.

"ஒரு மாசம் கறி திங்கல, சரசரன்னு இறங்கிடுச்சு. பெருமாள் பாத்துக்கிட்டாரு. மாத்திரைலாம் கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு சொல்றான் லா."

"அப்ப உங்க சர்க்கரை மாத்திரை, சித்தப்பா?"

"அது வேற."

தன் உடம்பில் அவர் இந்த ஆராய்ச்சியைச் செய்வதில்லை.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "நிறுத்தினத டாக்டர்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"அவர் கேட்டாரா? கேக்கல. நானா போய் ஏச்சு வாங்கணுமா?"

"அடைச்சா என்ன ஆகும்னு தெரியும்ல?"

அப்பா தொடையைத் தடவிக்கொண்டார். "கால் வலிக்குதும்மா. அந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து லாரியில ஏறவே முடியல. டாக்டர்கிட்ட சொன்னேன். வயசாயிடுச்சு அங்கிள்னு சிரிச்சாரு. நிறுத்தினேன், வலி போயிடுச்சு."

ஆக, புரட்டாசி வெறும் சாக்கு. மருந்தைச் சந்தேகிக்க அவரிடம் உருப்படியான காரணம் ஒன்று இருந்தது. இந்த வகை மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும் என்று உறைக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் சிரிப்பு கிடைத்ததால், பெருமாளும் சித்தப்பாவும் மருத்துவம் பார்க்கும்படி ஆனது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, அவரைக் குளுவாங்கில் உள்ள அந்த டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். அளவைக் கூட்டுவதற்கு முன்னால், ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டீர்களா என்றும் கேட்டேன்.

"கேட்டா எல்லாரும் போடுறேன்னுதான் சொல்வாங்க மிஸ்," என்றார் டாக்டர். கேட்காமல் இருக்க இப்படியும் ஒரு காரணம். அப்பா பக்கம் திரும்பி, "கால் வலிய முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள்," என்றார்.

"சொன்னேன் டாக்டர். நீங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலுக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் குறையில்லை. இரட்டை அளவை ரத்து செய்துவிட்டு, அதே வகையில் வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினார். வலி வந்தால் நிறுத்தாமல் போன் பண்ணச் சொன்னார். ஒரு மருத்துவரிடமிருந்து இதைப் பெற, ஒரு பொறியாளர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்பா இப்போது புதிய மாத்திரையைப் போடுகிறார். தொடை வலி லேசாக இருக்கிறது, லாரியில் ஏற முடிகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை. எல்.டி.எல். இறங்கியிருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது.