அக்காவின் நிறத்துக்கு ஒரு கேமரா

என் அக்கா கறுப்பு. இதை எழுதும்போதே 'மாநிறம்' என்று போடச் சொல்லிக் கை இழுக்கிறது. தரகர்களும் உறவுக்காரர்களும் இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். மாநிறம் இல்லை, கறுப்பு. வயது நாற்பத்திரண்டு. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவில் அவளைப் பெண் பார்க்கும் படத்துக்கென்று மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் கேட்காமலே வெளுத்துக் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் வெளுத்ததால் கழுத்து வேறொருத்தியுடையதாக இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பார்ப்பார்கள், கையில் இருக்கும் போனைப் பார்ப்பார்கள், மறுபடியும் அக்காவைப் பார்ப்பார்கள். கடைசியாக வந்த அம்மாள் முறுக்கை மென்றுகொண்டே, "போட்டோல வேற மாதிரி இருந்தீங்களேமா" என்றார்.

"ஆமா ஆன்டி, ஸ்டூடியோல பெயின்ட் அடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா டீ கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் இன்னும் பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

போன தீபாவளி முடிந்து பூச்சோங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், டயர் கடை வைத்திருக்கிறார், படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அக்கா தன் போனில் நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டு சோபாவில் போட்டாள்.

"இந்தப் போன்கூட என்னைத் தானாவே வெளுக்குதுடா. எங்க போய் ஆஃப் பண்றதுன்னே தெரியல."

நான் சும்மா இருந்திருக்கலாம். போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் தேவையில்லாத பேச்சு. ஆனால் அப்போது இரண்டு வருடமாக ஃபிலிம் கேமரா வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு கேமராகூட இல்லாமலே நிபுணனாகியிருந்தேன். "ஃபிலிம் பொய் சொல்லாதுக்கா" என்று வாயைக் கொடுத்தேன்.

"அப்ப நீயே எடு. தைப்பூசத்துக்குள்ள எடுத்துக் கொடு. வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போறதுக்குப் பதிலா, இந்தத் தடவை போட்டோவைப் பார்த்துட்டே வராம இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புத்தியுள்ளவன் யாரிடமாவது ஒரு கேமராவை இரவல் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முகங்களை எடுப்பதற்கு மீடியம் ஃபார்மட்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. சாதாரண ஃபிலிமைவிட அகலமான ஃபிலிம் போடும் பெரிய கேமரா அது. ஆனால் அதற்குள் மூன்று மதங்கள் இருக்கின்றன. படம் ஆறுக்கு நாலரை சென்டிமீட்டரில் விழ வேண்டும் என்பவர்கள், ஆறுக்கு ஆறு சதுரம்தான் என்பவர்கள், ஆறுக்கு ஏழுக்குக் குறைந்தால் அது முகமே இல்லை என்பவர்கள். ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்க மாட்டார்.

இவர்களெல்லாம் ஞாயிறு காலைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஏழெட்டுப் பேர். மேசையில் இலைக்கு இடமில்லாமல் கேமராக்கள். லென்ஸின் மென்மை, மேல்தோலின் நுணுக்கம், கண்ணில் விழும் ஒளிப்புள்ளி என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். பிறகு தாங்கள் எடுத்த படங்களைக் காட்டினார்கள். முக்கால்வாசி பூனைகள். மீதி, ஒருவருடைய கேமராவை இன்னொருவர் எடுத்தது. மனித முகம் என்று பார்த்தால் கடைக்காரர் ஒருவர்தான், அதுவும் பில் கொண்டுவந்த நேரத்தில் அகப்பட்டவர். நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன்.

ஆறுக்கு நாலரை கைக்கு அடக்கம், நல்ல விலைக்கும் கிடைத்தது. அதையே வாங்குவதாக இருந்தேன். "அது கல்யாண போட்டோக்காரன் கேமரா லா" என்றார் ஒருவர், மூக்கைச் சுளித்து. நான் எடுக்கப் போவதே கல்யாணத்துக்கான படம் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அதை ஒதுக்கிவிட்டேன்.

தைப்பூசம் வந்தது, போனது. பூச்சோங்கிலிருந்து வாரம் ஒரு மெசேஜ் வரும். "தம்பி கேமரா வாங்கிட்டாரா?" அக்கா அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். பிறகு அவளும் ஏதோ பதில் எழுதுவாள். நாளாக ஆக அந்தப் பதில்கள் நீண்டன. நான் ஒப்பீட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் சாலாக் செலாத்தானில் பழைய கேமரா விற்கும் ஒரு சீன அங்கிளிடம் போனேன். தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்தவர், தமிழில்தான் பேசுவார். அன்றைக்கு அக்காவுக்கு லீவு, அவளும் வந்தாள். முதலில் சதுரக் கேமராவை எடுத்துக் கொடுத்தார். அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். நான் குனிந்தேன்.

"என்னடா தேடுற? நான் இங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

அதோடு சதுரம் தீர்ந்தது. ஆறுக்கு ஏழை எடுத்து வைத்தார். அதில் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பிரிசம் இருந்தது, அதற்குள்ளேயே வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் இருந்தது. ஒரு சின்ன அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினேன். மீட்டர் இருக்கும்போது தப்பே வராது என்று எனக்கு ஒரே நிம்மதி.

அங்கிள் அக்காவை ஒருமுறை பார்த்தார். "இவங்களையா எடுக்கப் போற? அக்கா நல்ல கறுப்பு. மீட்டர் சொல்றதக் கேக்காத. கொறைச்சு வை."

அக்கா தலையாட்டினாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக இப்படியா சொல்வது? பணத்தை எண்ணி வைத்துவிட்டு, வெடுக்கென்று கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஆள் நீட்டிய கையைக்கூடக் குலுக்காமல் இறங்கினேன். கார் ஓட்டும்போது, "அந்த ஆளுக்கு மரியாதையே தெரியலக்கா" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்காகக் கோபப்படுகிறேன் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஃபிலிம் விஷயத்திலும் உஷாராக இருந்தேன். நெகட்டிவ் என்றால் ஃபிலிம் கழுவும் லேப்காரன் ஸ்கேன் செய்யும்போது கை வைப்பான். ஸ்லைடு என்றால் நாம் எடுத்த ஃபிலிமே படம், வெளுக்க வழியில்லை. ஆகவே ஸ்லைடு.

சித்திரை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்தாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த மஞ்சள் புடவை. இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லியிருந்தபடி முகத்துக்குக் கிட்டே போய் அளந்தேன், அதற்கு மேல் ஒரு படி வெளிச்சம் கூட்டினேன். அந்த அறிவுரைக்குக் கீழே உதாரணமாக இருந்த முகங்களை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஐரோப்பியப் பெண்கள், மூக்கில் புள்ளிப் புள்ளியாக. அவர்களுக்குச் சொன்ன கணக்கு எங்கள் வீட்டு ஹாலுக்கு ஒத்துவருமா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மீட்டர் என்பது எதைக் காட்டினாலும் அதை நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும் ஒரு மண்டு. கறுப்பைக் காட்டினால் 'வெளிச்சம் போதவில்லை' என்று புலம்பும். அதைக் கேட்டது போதாதென்று நான் இன்னும் ஒரு படி ஊற்றினேன்.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி, கதவைச் சாத்தின மாதிரி அடித்தது. அக்கா முதல் தடவை திடுக்கிட்டாள். பிறகு பழகிக்கொண்டு, தாடையைச் சற்றுத் தூக்கி, நேராக லென்ஸைப் பார்த்தாள். பத்துப் படங்கள். ரோல் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து லேப்புக்குப் போனேன். லேப்காரர் விளக்குப் பெட்டியின் மேல் ஸ்லைடுகளைப் பரப்பி, "மேடம் ஸ்கின் ஜொலிக்குது பாஸ், எடிட்டே தேவையில்ல" என்றார். பார்த்தேன். அக்கா சிவப்பாக, பளபளவென்று இருந்தாள். கேமராவில் தப்பு நடந்திருக்கிறது என்று என் மூளை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனசு குளிர்ந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கொடுத்தேன். அக்கா ஸ்லைடை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"புடவை மஞ்சள் எங்கடா?"

"வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா விழுந்திருச்சு."

"அந்த அங்கிள் கொறைக்கச் சொன்னாரே. நீ என்ன செஞ்ச?"

"கூட்டினேன்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல நல்லா இருக்கேனாடா?"

"ரொம்ப அழகா இருக்கேக்கா." நொடிகூடத் தாமதிக்கவில்லை.

அக்கா ஸ்லைடை மேசைமேல் வைத்தாள். "நாப்பத்திரண்டு வயசுல இன்னைக்குத்தான் நீ என்னை அழகுன்னு சொல்ற."

ஸ்டூடியோக்காரனாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுத்தான். நான் ஆறு மாதம் ஆராய்ந்து, வெளுக்கவே முடியாத ஃபிலிமாகத் தேடிப் பிடித்து, அதில் வெளுத்திருந்தேன். மறுபடி எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மறுநாள் சென்டருக்குப் போனவள், தினமும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், படம் போட்ட வேலை டேக்கைக் கழற்றி ஸ்கேனரில் வைத்து, அந்தப் படத்தைப் பூச்சோங்குக்கு அனுப்பிவிட்டாள். ஆபீஸ் கிளார்க் ஒருத்தி சுவரில் சாய்த்து நிற்கவைத்து ஒரே அமுக்கில் எடுத்த படம் அது. அதில் அக்கா அக்காவாகவே இருப்பாள். பத்து நிமிடத்தில் பதில் வந்ததாம், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று.

வந்தார். வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார். நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவர் கையைக் கவனித்தேன். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. உட்கார்ந்ததும் அலமாரி மேலிருந்த கேமராவைக் காட்டி, "இதுதான் அந்த கேமராவா? இதுக்கா இத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"ஆமா, வெள்ளையடிக்கிற மெஷின். உங்க கடைச் சுவருக்கு அடிக்கணும்னா சொல்லுங்க, தம்பி வருவான்" என்றாள் அக்கா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்கு வேண்டியதுதான். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை அவள் கப்பைத் தொடவில்லை.