ஜன்னலோரக் கட்டில்

போன மாதம் எங்கள் பழைய எம்.எல்.ஏ. இறந்துபோனார். நான் வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போக மெட்ரோ ஏறும் இடத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். கைகூப்பி நிற்கிற அவருடைய பெரிய படம். அதற்குக் கீழே அவர் கொண்டுவந்தவை எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக இருந்தன: ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, டயாலிசிஸ் மெஷின். கடைசிப் படத்தில் தலையில் கட்டுப்போட்ட ஒரு பெண்பிள்ளை வெள்ளைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிறது. அவர் கை அதன் நெற்றியில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை நான்தான். அன்றைக்கு எனக்குத் தலையில் ஒரு காயமும் இல்லை.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அரசியலுக்கு வந்ததே நோயாளிகளால்தான். சட்டசபைக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அப்படிப் பிழைத்தவர்களின் ஓட்டில்தான் முதல்முறை ஜெயித்தார் என்று மாமா சொல்வார். ஜெயித்த பிறகு ரோடு, சாக்கடை என்று மனு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரி சம்பந்தமான மனு என்றால் மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தாய்சேய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் சட்டசபையில் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வந்துவிட்டது. ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, நீல பெயிண்ட் அடித்த கேட்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். சித்தப்பாவுக்கு பீன்யாவில் ஃபேக்டரி வேலை. முன்னால் இரண்டு முறை சித்திக்குக் கரு தங்கவில்லை. இது தங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் பிறக்கும் முதல் குழந்தைக்குத் தானே பெயர் வைப்பதாக எம்.எல்.ஏ. மேடையில் சொல்லியிருந்தார். அதனால் ஆஸ்பத்திரி முந்துமா, சித்தி முந்துவாளா என்று தெருவில் பேச்சாக இருந்தது. சித்தி வயிற்றைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் பொறுடா, ரிப்பன் வெட்டட்டும்" என்பாள்.

மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், எம்.எல்.ஏ.வின் ஆள். திறப்புவிழா ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அன்று காலையில் என்னைக் குளிப்பாட்டச் சொல்லி, தீபாவளி கவுனைப் போடவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். பேப்பர்காரர்கள் போட்டோ எடுப்பார்கள், கட்டில் வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காது, ஒரு நோயாளி வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன், சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பேன். அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்து, தலையில் பேண்டேஜ் சுற்றினார்கள். தாய்சேய் ஆஸ்பத்திரியில் மண்டை உடைந்த பிள்ளை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஐயா கேட்டா காய்ச்சல்னு சொல்லணும். தெரியுதா? அதுவரைக்கும் எந்திரிக்கக் கூடாது, பெட்ஷீட் கசங்கிடும்" என்றார் மாமா.

பத்து மணிக்கு விழா. பத்து மணி போய்விட்டது. சட்டசபையில் ஐயா பேசவேண்டியிருக்கிறது, முடித்துவிட்டு வருவார் என்று தகவல் வந்தது. பதினொரு மணி சுமாருக்கு வெளியே வராந்தாவில் அம்மாவின் குரல் கேட்டது. சித்திக்கு வலி எடுத்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள்.

டாக்டரம்மா வந்திருந்தார். நர்ஸும் இருந்தார். நர்ஸ் சித்தியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தபோது, விழாவுக்கு வந்திருந்த சுகாதார அதிகாரி ஒருவர் வாசலில் வந்து நின்றார். "சொல்ப தடீரிம்மா" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கன்னடத்தில் அவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னார். விரிப்பு எல்லாம் புதுசு, போட்டோவில் கறை தெரியும், திறப்பதற்கு முன் கேஸ் எடுத்தால் ஐயாவுக்கு வருத்தமாக இருக்கும் என்றார். டாக்டரம்மா வராந்தா பெஞ்சைக் காட்டினார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். "இன்னாண்ணா இது? உன் தங்கச்சிண்ணா!"

"அரை மணி நேரம்தான். விதான சௌதாலேர்ந்து கிளம்பிட்டாராம். அவரு வந்ததும் இவதான் மொத கேஸு. அவரு கையாலயே புள்ளைக்கு பேரு. யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்?"

"வேணாண்ணா. ஆட்டோ பிடி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

சித்திதான் குறுக்கே பேசினாள். "இருக்கட்டும்க்கா. அண்ணன் சொல்றாரு இல்ல. எனக்கு இப்ப தாங்குது."

பெஞ்சில் உட்கார முடியாமல் அவள் எழுந்து நடந்தாள். நடந்து ஜன்னல் பக்கம் வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். என்னையும் பேண்டேஜையும் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடியே, உனக்கா பிரசவம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்திருக்கக் கூடாது என்பதால் படுத்தபடியே தலையை ஆட்டினேன்.

"அது என் கட்டிலுடி. எனக்கு இடம் பிடிச்சு வை. வேற எவளையும் படுக்க விடாத, ஆமா."

சரி என்றேன். பிறகு அவள் கம்பியை இறுகப் பிடித்தாள். முகம் கோணிப்போயிற்று. அம்மா வந்து அழைத்துப் போனாள்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. முதலில் முனகல், பிறகு அம்மா மாமாவைத் திட்டுவது, பிறகு ஆட்டோ சத்தம். மாமா கத்தினார், யாரோ ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வராந்தாவிலிருந்து பினாயில் வாடை வந்தது. பெஞ்சையும் கீழேயும் கழுவிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு எம்.எல்.ஏ. வந்தார். வியர்த்துக் களைத்திருந்தார். நேராக என் கட்டிலுக்கு வந்து நெற்றியில் கைவைத்து, "என்னம்மா உடம்புக்கு?" என்றார். காய்ச்சல் என்றேன். "சீக்கிரம் சரியாயிடும்" என்று ஒரு ஆப்பிளைக் கையில் கொடுத்தார். உண்மையான அக்கறையோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

அன்று அவர் சட்டசபையில் எங்கள் பகுதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது இப்போது இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரசவ வலியோடு ஒரு பெண் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற கொடுமை இனி என் தொகுதியில் இருக்காது என்று பேசினாராம். எல்லோரும் மேஜையைத் தட்டினார்களாம்.

ஆண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். பீன்யாவிலிருந்து சித்தப்பா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமா அதற்குப் பிறகு எம்.எல்.ஏ. வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏன் என்று அவர் கேட்டனுப்பியும் மாமா சொல்லவில்லை. என் பெண் பிறந்தது அதே ஆஸ்பத்திரியில்தான். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது வார்டைச் சுற்றிப்பார்க்க வந்த எம்.எல்.ஏ., "இங்க ஏதாவது குறை இருக்காம்மா?" என்று என்னிடமும் கேட்டார். ஒன்றுமில்லைங்க ஐயா என்றேன். என் சுபாவம் அப்படி. போட்டோவில் இருந்த பிள்ளை நான்தான் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் படம் நோட்டீஸில் வந்தது. சித்தி அந்த நோட்டீஸை மடித்து அடுப்பு பற்றவைப்பாள்.

திறப்புவிழா முடிந்து மூன்று நாள் கழித்துச் சித்தியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏன் யாரும் பேசவில்லை என்று எனக்குப் புரியவில்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பிறகு கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் தின்னாமல் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த ஆப்பிளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தி, நான் எந்திரிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் உன் கட்டிலைப் பிடிச்சு வெச்சிருந்தேன். யாரையும் படுக்க விடல."

சித்தி மெதுவாகத் திரும்பினாள். ஆப்பிளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மத்த கட்டில்ல எல்லாம் யாரு இருந்தாங்க?" என்றாள்.

"யாருமே இல்ல சித்தி. எல்லாம் காலிதான்."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதனால் ஐந்து விரலையும் நன்றாக விரித்து, அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.