முதல் ஊசி அம்மாவுக்கு

குழந்தைகளுக்கு அக்குபங்சர் செய்வதில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதல் ஊசி கூட வந்த பெரியவருக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, குழந்தையின் கண்ணெதிரே ஒன்று. "வலிக்கவே வலிக்காது செல்லம்" என்று பெரியவர்கள் சொல்வதை எந்தக் குழந்தையும் நம்புவதில்லை, நம்பாததுதான் சரி. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது. இந்த வழக்கம் மட்டும் இன்னும் கைகொடுக்கிறது.

இஸ்திரிக்காரம்மா என்பது நான் அவளுக்கு வைத்த பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மூன்று மணிக்கு வெளியே வருவாள். ஐந்து மணிக்கு வேறொரு கட்டடத்தில் தரை துடைக்கப் போக வேண்டும். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கணவன் லாரி ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வருவான், வந்ததும் குறட்டை விடுவான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் தூங்காதவன்தான்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், செவ்வாய்தோறும் பத்து வயது மகளை என்னிடம் கூட்டி வந்தாள். மகளுக்குத் தலைவலி. வாரத்தில் நாலு நாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாளாம்.

"கண் டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல. முதல்ல அங்க போய்ட்டு வா. நானும் பாக்குறேன், அவரும் பாக்கட்டும்."

ஊசியாலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும்தான்.

அன்று வழக்கம்போல் முதல் ஊசி அம்மாவுக்கு. கையை நீட்டினாள். முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. ஊசி இறங்கியது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, இரண்டு நிமிடத்தில் நாற்காலியிலேயே தலை சாய்ந்து, வாய் திறந்து, அயர்ந்துவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஊசி போட்டா தூக்கம் வருமா ஆன்ட்டி?"

"உங்கம்மாவுக்குப் போடாட்டியும் வரும்."

அந்தச் சிரிப்போடு கட்டிலில் ஏறிப் படுத்து, மூன்று ஊசியையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள். பதினைந்து நிமிடத்துக்கு நான் வைத்திருந்த அலாரக் கடிகாரம் அலறியபோது அம்மாக்காரி தூக்கிவாரிப்போட்டு எழுந்து, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள்போல் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தூங்கியதற்கெல்லாமா மன்னிப்பு?

பெண்ணுக்குக் கண்ணாடி வந்தது. வலியும் குறைந்தது. கண்ணாடியால் எவ்வளவு, என் ஊசியால் எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆறாவது வாரம் வலியே இல்லை. "அடுத்த தரம் வந்தா போதும், அப்புறம் வர வேண்டாம்" என்றேன். அம்மா கும்பிட்டாள். மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊசியைப் பிரிய வருத்தப்படும் முதல் குழந்தை இவள்தான் என்று கிண்டல் செய்தேன்.

அடுத்த வாரம் வலி திரும்பிவிட்டது. அதற்கடுத்த வாரமும். எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. வலி வரும் நாளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன்.

பத்தாவது செவ்வாய், மகள் கை கழுவப் போயிருந்தபோது, இஸ்திரிக்காரம்மா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். வலி திரும்பியதும் அவள் போய்ப் பார்த்த பெரிய டாக்டர் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார்.

"என்கூட வேலை செய்யறவ பையனுக்குத் தலையில கட்டிங்க. இப்படித்தான் வலி போய்ப் போய் வந்துச்சாம். மாமாவைப் புரட்ட எந்திரிக்கிறப்போ இவ மூக்குல கை வெச்சு மூச்சு வருதான்னு பாக்கறேன். அதுக்கப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது. பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஊசி போட்டதும் உடனே தூங்கிவிட்டாள்.

மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தேன். திங்கட்கிழமை, வலி அதிகம். அடுத்த திங்கட்கிழமை, வலி அதிகம். வேறு எந்தக் கிழமையும் இல்லை. கோடு போட்ட மாதிரி நேரான எழுத்து. தலைவலியோடு எழுதியவர்களின் நோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவை இப்படி இருக்காது.

"நாளைக்கு இங்க வரணும்னா இன்னைக்கு வலிக்குது. உன் தலைக்குக் கிழமை தெரியுமா?"

தூங்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சரியாயிடுச்சுன்னு சொன்னா நீங்க வர வேண்டாம்னுடுவீங்க. அம்மா இங்க மட்டும்தான் ஆன்ட்டி தூங்குது."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சொல்லாதே என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் சொல்லாமல் விட்டால் இது எங்கே போய் முடியும்?

"உனக்கு வலிக்குதுன்னு பயந்துதான் உங்கம்மா ராத்திரியெல்லாம் முழிச்சிட்டிருக்கு, தெரியுமா?"

தெரியாது. அது முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு விக்கி விக்கி அழுதாள். அந்தச் சத்தத்தில் அம்மா பதறி எழுந்தாள். அவள் கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ தலையில ஒண்ணும் இல்லையா?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். இந்த நோட்டைக் காட்டி, இப்ப நடந்ததை அப்படியே அவர்கிட்ட சொல்லு."

"நிஜமாவே வலிக்கலியாடி?"

மகள் தலையாட்டினாள். இஸ்திரிக்காரம்மா கையை ஓங்கினாள். அடித்துவிடப் போகிறாள் என்று நான் ஒரு எட்டு முன்னே வைத்தேன். அந்தக் கை பாதியில் நின்று, இறங்கி, கட்டிலில் கிடந்த கண்ணாடியை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டது.

அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி.

"பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருக்குங்க," என்றாள். "ஊசி வேணாம். சும்மா கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

மகள் குதித்து இறங்கிக் கட்டிலை விட்டுக் கொடுத்தாள். நான் திரையை இழுத்து முடிப்பதற்குள் அம்மா தூங்கியிருந்தாள். பெண் நாற்காலியில் உட்கார்ந்து, அலறும் அந்தக் கடிகாரத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அரைமணி நேரம் வெளியே உட்காருங்கள், உள்ளே நோயாளி தூங்குகிறார் என்றேன்.