இரண்டாவது மீன் துண்டு

இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, டீவியைப் பார்த்தபடி எல்லோரும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

ஏதோ ஒரு இந்திய நகைச்சுவைத் தொடர். மனைவி வீட்டோடு வந்து தங்கிவிட்ட மருமகன், இரண்டாவது மீன் துண்டுக்குக் கை நீட்டுகிறான். மாமனார் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். டீவிக்குள் ஒரே சிரிப்பு.

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பிறகு இருவரும் சட்டென்று என்னைப் பார்த்தார்கள்.

என் கையிலிருந்த கரண்டி அப்போது இரண்டாவது துண்டுக்காக மீன் சட்டிக்குள் இருந்தது.

“அது அவங்கட ஊர்க் கதை மருமகன். நீங்க எடுங்க,” என்றார் மாமி அவசரமாக.

எடுத்தால் நான் அந்த மருமகன். எடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டவன். கரண்டியை அசைக்கவே இல்லை. டீவி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

“புள்ள, அந்த டீவிய நிப்பாட்டு.”

மாமாதான் மகளிடம் சொன்னார். மாமிக்குச் சீதனமாகக் கொடுத்த இந்த வீட்டுக்கு, கலியாணம் முடித்த அன்று வந்தவர் அவர். தன் தட்டில் தொடாமல் வைத்திருந்த துண்டை என் சோற்றில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

மச்சான்மாரே, நம்ம ஊரில் நாம் எல்லோருமே மனைவி வீட்டுக்கு வந்தவர்கள்தானே. அந்தக் காட்சிக்கு உங்கள் வீட்டில் யார் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சிரிக்காதவர் யார்?