அது மூடி... கால் இல்ல

சாரல் அடிச்சா எங்க ஆபீஸ் ஜன்னல் வழியா ரெண்டு வாசனை வரும். ஒண்ணு நனைஞ்ச ரோட்டு வாசனை. இன்னொண்ணு கீழ்க்கடையில வாழைக்காய் பஜ்ஜி பொரியுற வாசனை...

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, மாடியில, பதினஞ்சு கம்ப்யூட்டர் போட்ட ஆபீஸ். என் முதல் வேலை. என்ன வேலைன்னு சொந்தக்காரங்க கேட்டா "கம்ப்யூட்டர் வேலை"ன்னு முடிச்சுக்குவேன். உண்மையைச் சொன்னா நம்ப மாட்டாங்க.

ஆதிகாலத்து கிரேக்கப் பானைங்களோட போட்டோ வரும். முழுசாவும் வரும், உடைஞ்ச ஓடாவும் வரும். அது என்ன பாத்திரம், எந்த பாகம், என்ன வடிவம்னு பார்த்து எழுதணும். எங்கயோ இருக்குற ஒரு மியூசியத்துக்காக நாங்க இங்க உக்காந்து எழுதினோம்.

வாய், கழுத்து, தோள், வயிறு, கால்... பானையை அப்படித்தான் பிரிப்பாங்க. முதல் வாரம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டைப் பண்ற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பிடிச்சுப் போச்சு. ஹைட்ரியான்னா தண்ணிக் குடம். மூணு கைப்பிடி இருக்கும், ரெண்டு தூக்குறதுக்கு, ஒண்ணு சாய்க்குறதுக்கு. லெகிதோஸ்னா எண்ணெய்க் குப்பி. எண்ணெய் மடமடன்னு கொட்டிரக் கூடாதுன்னு கழுத்தை ஒல்லியா வெச்சிருப்பாங்க. குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சு விடுறவங்க யாராவது அதைப் பார்த்திருந்தா, என்னை விட நல்லா எழுதியிருப்பாங்க.

வாப்பா அப்போ சவுதியில. போன்ல ஒரே கண்டிஷன். "ஆறு மாசம் போ. வேலை பெர்மனன்ட் ஆச்சுன்னா தொடர்ந்து பாரு. இல்லன்னா வீட்ல இரு, மாப்பிள்ளை பாக்கோம்."

பெர்மனன்ட் ஆகணும்னா மார்க் வேணும். வர்ற படங்களுக்கு நடுவுல, ஏற்கெனவே பதில் எழுதி வெச்ச சில படங்களை ஒளிச்சு விடுவாங்க. நம்ம பதில் அதோட ஒத்துப் போகலைன்னா மார்க் குறையும்.

அப்படி ஒளிச்சு வெச்ச ஒரு ஓடுதான் என் தலையில விழுந்துச்சு.

சின்னதா, வட்டமா ஒரு அடி. அதுக்கு மேல விரிஞ்சு போற உடைஞ்ச சுவர். பார்த்த உடனே யாரும் "கால் வெச்ச தட்டு, கால் பாகம்"னுதான் எழுதுவாங்க. நானும் எழுதப் போனேன். அப்போதான் ஓரத்துல பார்த்தேன்... மனுஷப் பாதம் ரெண்டு வரைஞ்சிருந்துச்சு. தலைகீழா.

தலையைச் சாய்ச்சுப் பார்த்தேன். படத்தைத் திருப்பினா பாதம் ரெண்டும் நேரா நிக்குது. கால்னு நினைச்சது மேல வந்து, பிடிச்சுத் தூக்குற குமிழ் ஆயிருது.

அது மூடி. போட்டோ எடுத்தவங்க மல்லாக்க வெச்சு எடுத்துட்டாங்க.

"மூடி"ன்னு எழுதினேன். மார்க் குறைஞ்சுது. அடுத்த மாசம் அதே ஓடு திரும்ப வந்துச்சு. திரும்ப மூடி. திரும்பக் குறைஞ்சுது.

எங்க டீம் லீட் முருகேசன் அண்ணன் நல்ல மனுஷன். "படத்துல இருக்கபடி எழுதும்மா, ஆராய்ச்சி பண்ணாத"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மொத்தமும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். குளிச்சு, நடுங்கி, ஒரு மெஸ்ல பரோட்டாவுக்கு உக்காந்தோம். சால்னா பாத்திரம் வந்துச்சு. நான் மூடியை எடுத்து மல்லாக்கப் போட்டு, கடிச்ச எலும்பை அதுல வெச்சேன். எங்க வீட்ல எல்லாரும் செய்றதுதான். செஞ்சதுக்கப்புறம்தான் எனக்கே உறைச்சுது.

"அண்ணே, இதைப் பாத்தியளா? குமிழ் கீழ போயிட்டு. இப்போ இது கால் வெச்ச தட்டா?"

அண்ணன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"நீ சொல்லுதது சரிதான் ஜீனத்."

"அப்போ மேல எழுதிப் போடுங்க."

"எழுதுனா, அவங்க பதிலே தப்புன்னு நாம சொல்லுத மாதிரி ஆயிரும். ப்ராஜெக்ட் போயிரும். இன்னொரு தடவ வந்தா கால்னு போட்டுரு. ஒரு க்ளிக்தானே."

எனக்கு அங்கதான் பத்திக்கிட்டு வந்துச்சு. தெரியாம மாத்தச் சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். சரின்னு தெரிஞ்சும் மாத்தச் சொன்னா எப்படி?

ஆறாவது மாசக் கடைசியில மூணாவது தடவையா வந்துச்சு அந்த ஓடு. இதுலயும் குறைஞ்சா மார்க் பத்தாதுன்னு தெரியும். பத்து நிமிஷம் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பொய் சொல்லலை, கால்னு பாதி டைப் கூட பண்ணிட்டேன்.

அழிச்சேன். "மூடி. படத்தைத் திருப்பவும்"னு எழுதி அனுப்பிட்டேன்.

பெர்மனன்ட் லிஸ்ட்ல என் பேர் இல்ல.

வாப்பாகிட்ட அழாமச் சொல்லணும்னு நினைச்சேன், முடியலை. எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் கேட்டாங்க.

"நல்லாப் பாத்துத்தான் சொன்னியா?"

"ஆமா வாப்பா."

"அப்போ எதுக்கு அழுத? வேற வேலை தேடு."

மாப்பிள்ளைப் பேச்சை அதுக்கப்புறம் நானா எடுக்குற வரைக்கும் யாரும் எடுக்கலை.

இப்போ வீட்ல இருந்தே வேலை. இதே மாதிரி வேலைதான், ஆனா படத்தைப் பார்த்து முதல்ல மெஷின் எழுதிரும், நான் சரி பார்க்கணும். தப்புன்னு சொன்னா உடனே "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி"ங்குது. அடுத்த படத்துல அதே தப்பைப் பண்ணுது. முருகேசன் அண்ணனாவது அந்த மூடியைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தாரு... அதை நினைச்சா அவர் மேல இருந்த கோபம் கூடப் பாசமாயிருது.

அந்த மியூசியத்தோட வெப்சைட் பக்கம் இன்னும் இருக்கு. ஓடும் இருக்கு, மல்லாக்க. கீழ "கால்"னு எழுதியிருக்கு.

வருஷா வருஷம் முதல் சாரல் விழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். 'கருத்து தெரிவிக்க'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல ஒரே வரி எழுதுவேன். பதில் வந்ததே இல்ல.

இன்னைக்குக் காலையில இங்க சாரல் தொடங்கிருச்சு. எழுதி அனுப்பிட்டுத்தான் இதை எழுதுறேன்.

அவங்க மாத்தலைன்னா போகட்டும். நானும் மாத்த மாட்டேன்.