பேர் சொல்லிக் கூப்பிடு

பெண்கள் ஓட்டுரிமை பெற்ற வரலாற்றுக்கு ஒரு விழா எடுப்பது என்று காரைக்குடியில் எங்கள் மகளிர் மன்றம் முடிவெடுத்ததும், பேச்சும் தொகுப்புரையும் என் தலையில் விழுந்தன. விழுந்ததாவது, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வரலாறு நடத்திய வாய். மைக்கைக் கண்டால் சும்மா இருக்காது.

ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்ட மூத்த பெண் ஒருவருக்குச் சால்வை போட வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டு ஆச்சியிடம் போய்க் கேட்டேன். முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தன் அம்மாவின் கதையைச் சொன்னார்.

இங்கே பழைய வீடுகளுக்கு விலாசம் என்று ஒன்று உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தது. ஊர் அதை வைத்துத்தான் ஆளை அறியும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தலுக்கு வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர்கள் பெயர் கேட்டபோது, அந்த அம்மா கூச்சப்பட்டு, விலாசத்தைச் சொல்லி "இந்த வீட்டு ஆச்சி" என்று எழுதிக்கொள்ளச் சொன்னாராம். பெயரில்லாமல் எழுத முடியாது என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே ஓட்டுப் போடப் போன நாளில் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

"அதனாலதான் நான் ஒரு ஓட்டையும் விடுறதில்ல. மேடையில எம் பேரச் சொல்லிக் கூப்புடு, அது போதும்."

அதற்கென்ன ஆச்சி, ஜமாய்த்துவிடலாம் என்று சொல்லி, அவர் தந்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

விழாவில் வெளுத்து வாங்கினேன். அந்த அம்மாவின் கதையைச் சொல்லி, கணக்கெடுக்க வந்தவர்களை ஒரு பிடி பிடித்தேன். ஏகக் கைதட்டல். அடுத்தது சால்வை. கையிலிருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்தில் அந்த வீட்டு விலாசம், பக்கத்தில் 'ஆச்சி'. அவ்வளவுதான்.

இருபது வருடம் எதிரெதிர் வாசல். கோலப்பொடி வாங்கியிருக்கிறேன், என் பிரசவத்துக்கு அவர்தான் மருந்து கிண்டித் தந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஆச்சி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியிருந்ததையே வாசித்துத் தொலைத்தேன். அரங்கில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை, பலமாகத்தான் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆச்சி மேலே வந்தார். சால்வையை வாங்கிக்கொண்டு, மைக் பக்கம் போய்த் தன் பெயரைத் தானே சொன்னார். பிறகு என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க ஆத்தாகிட்டப் பேரக் கேட்டுப் பாத்துட்டுத்தான் விட்டுட்டுப் போனாக. நீ கேக்கவே இல்லையேம்மா."