ஏழுக்கு மேல் எண்ண முடியாத மகுடேஸ்வரன்

அவிநாசிக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனியில் மகுடேஸ்வரன் இருபத்தாறு வருஷமாகப் பேக்கிங் மாஸ்டராக இருந்தார். அவருடைய கை வேகம் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். யாராவது மடிக்கத் தடுமாறினால் சொல்லிக் கொடுக்க மாட்டார். பனியனைப் பிடுங்கி மடித்து, கவரில் போட்டுவிட்டு, அடுத்த மேசைக்குப் போயிருப்பார். திட்டுவதற்குக்கூட நிற்க மாட்டார். அதனால் அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை. அவரிடம் யாரும் ஒன்றும் கற்றுக்கொண்டதும் இல்லை.

ஒரு நாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய படிவத்தில் ‘மாற்றுத்திறனாளிகள் உங்களிடம் வேலை செய்கிறார்களா’ என்றொரு கேள்வி இருந்தது. முதலாளி அப்புசாமி, மற்ற நாற்பது கேள்விக்கும் போட்ட கைவாக்கில், ஆமாம் என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார். ஆறு மாதத்தில் நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அப்புசாமிக்குப் பொய் சொல்ல வராது. அடித்த டிக்கை நிஜமாக்குவதைத் தவிர வேறு வழி தெரியாமல் ஊரில் இருந்த ஓர் அறக்கட்டளையைத் தேடிப் போனார். ஆள் தருகிறோம், ஆனால் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்களிடம் நாலு மாதம் படிக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை பழக்கும் ஆட்களை உருவாக்குகிற படிப்பு அது.

“வேலை தெரிஞ்ச ஆள் வேணும்னாங்க. உங்களையாட்டம் வேலை தெரிஞ்சவிங்க ஆருங்க இருக்கறாங்க?” என்றார் அப்புசாமி. மகுடேஸ்வரனுக்குப் பெருமையாக இருந்தது. அந்த வேலை தெரிந்ததுதான் பின்னால் பெரிய தொந்தரவாகப் போனது.

வகுப்பில் பதினொரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் இருபத்தைந்து தாண்டவில்லை. சமூகப் பணி, பிசியோதெரபி என்று படித்துவிட்டு வந்தவர்கள். மகுடேஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு. வகுப்பெடுத்தவர் கவிப்பிரியா, முப்பது வயதுக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் மகுடேஸ்வரன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். கவிப்பிரியா நன்றி சொன்னார். தான் பலகைப் பக்கம் போய்க்கொண்டிருந்ததாகவும், இனிமேல் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்தால் நல்லது என்றும் சொன்னார். மற்ற பத்துப் பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த பாடம், ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது. பனியன் மடிப்பதைப் பிரித்து எழுதச் சொன்னபோது மகுடேஸ்வரன் இரண்டு வரி எழுதினார்: ஒன்று, மடி. இரண்டு, உள்ளே போடு. பனியன் கம்பெனிக்குள் காலே வைக்காத ஒரு பெண் பதினேழு படி எழுதியிருந்தாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கட்டிலில் தன் பனியன்களைப் பரப்பி, மனைவி சாரதாமணியை எதிரில் நிறுத்தி, சொன்னதை மட்டும் செய் என்றார். கட்டில்தான் மேசை; மேசைமேல் வை என்றார். அந்த அம்மாள் சுருட்டி வைத்தார். விரி என்றார், குப்புற விரிக்க வேண்டியதை முன்பக்கம் மேலே இருக்கும்படி விரித்தார். மகுடேஸ்வரன் பதறிப்போய்த் திருத்தத் திருத்தப் படிகள் இருபத்து மூன்றாயின. தன் கைக்கு இத்தனை விஷயம் தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து, கம்பெனியிலேயே வேலை பழக்க அவரிடம் ஒப்படைக்கப்பட்டவர் சேவூர் செல்வக்குமார். முப்பத்தொரு வயது. எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வார், பிடித்ததை விடமாட்டார். அம்மா மருதாள் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். செல்வக்குமார் அதுவரை வெளியே எங்கும் வேலைக்குப் போனதில்லை.

கவிப்பிரியா கொடுத்த விதி எளிதானது. ஒருமுறை செய்து காட்டு. பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணு. அதற்குள் கையை நீட்டாதே. “பத்து எண்ணறதுக்குள்ள ரெண்டு பீஸ் போயிருமேங்க” என்றார் மகுடேஸ்வரன். போகட்டும் என்றார் கவிப்பிரியா.

மூன்று வாரம் ஓடியது. செல்வக்குமாரின் மேசையில் பனியன்கள் ஒழுங்காக மடிந்து அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. மகுடேஸ்வரன் தன் அறிக்கையில் நல்ல முன்னேற்றம் என்று எழுதினார். கவிப்பிரியா ஒரு நாள் பார்வையிட வந்தார். மேசைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கவர் சரசரக்கும் சத்தத்தைக் கேட்டார். மடித்த பனியனைக் கவருக்குள் நுழைக்கும் சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே வெட்டாக, சரக்கென்று வந்தது. புதிதாக வேலை பழகுகிறவர் கையில் அப்படி ஒரு சத்தம் வராது.

“செல்வக்குமார், இந்த வேலைய எப்பிடிச் செய்யோணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டார்.

செல்வக்குமார் நிதானமாகச் சொன்னார். “பனியனை மேசை மேல வெக்கோணும்ங்க. அப்பறம் ஏழு வரைக்கும் சும்மா நிக்கோணும்ங்க. எட்டாவதுக்குச் சாரே மடிச்சுப் போடுவாருங்க.”

“அருமையாப் பழக்கியிருக்கீங்க” என்றார் கவிப்பிரியா. அது யாருக்குச் சொன்ன பாராட்டு என்று மகுடேஸ்வரனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவருக்குத் தன் கைகளோடுதான் சண்டை. பேண்ட் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தார். ஐந்து எண்ணுவதற்குள் தாமாகவே வெளியே வந்தன. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்; உடம்பே முன்னால் சாய்ந்தது. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. கேண்டீனில் இரண்டு கண்ணாடி டம்ளர் நிறைய டீ வாங்கி, கைக்கு ஒன்றாக ஏந்திக்கொண்டு மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

செல்வக்குமார் பனியனை மேசைமேல் வைத்துவிட்டு ஏழு வரை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. டம்ளரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். பத்து போய் இருபது போய், மகுடேஸ்வரன் முப்பத்து நாலு எண்ணியபோது செல்வக்குமாரின் கை மெதுவாக நகர்ந்து பனியனின் ஒரு கைப்பக்கத்தை உள்ளே மடித்தது. அடுத்ததை மடிக்க மறந்து, பாதியை மடக்கி, கொக்கி மாதிரி பனியனின் மற்றக் கை வெளியே தொங்கக் கவருக்குள் திணித்தார். மகுடேஸ்வரன் உடம்பு ஆடியதில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. அவர் நகரவில்லை. செல்வக்குமார் தானே பனியனை வெளியே எடுத்து உதறி மறுபடி விரித்தார். அன்று மத்தியானம் வரை ஒரே ஒரு பனியன் சரியாக வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகுடேஸ்வரன், கண்ணில் டீ ஆவி பட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். டீ ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டு மாதத்தில் செல்வக்குமார் நாளுக்கு நூற்று எண்பது மடித்தார். மற்றவர்களைவிடக் குறைவுதான், ஆனால் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. இனி பயிற்சியின் கடைசிக் கட்டம். பழக்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசி வாரம் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மகுடேஸ்வரன் போகவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டாம் நாள் பேக்கிங் ஹாலின் ஓரத்தில் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குந்தி, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் தெற்கேயிருந்து புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் சோணைமுத்து அவரைக் கண்டுவிட்டார்.

“எதுக்கு ஒளிஞ்சு நிக்கீக? வெளிய வாங்க” என்று காலரைப் பிடித்து எழுப்பி, ஹாலுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த பகுதியில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இவர்தான் மாஸ்டர் என்று சொல்ல வேண்டியவர்களெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்து பக்கத்து மேசையில் நின்ற செல்வக்குமாரிடம், இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார்.

செல்வக்குமார் கையிலிருந்த பனியனை முழுசாக மடித்துக் கவரில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தெரியுமுங்க. எங்கூட வேலை பழகிட்டிருந்தாருங்க. மொதல்ல அவசரப்படுவாரு. இப்பத் தேவலைங்க.”

சோணைமுத்து காலரை விட்டார். அதற்கப்புறம் மகுடேஸ்வரன் அந்த ஹாலுக்கு அந்த வாரம் முழுக்கப் போகவில்லை.

வாடிக்கையாளரின் ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். செல்வக்குமாரின் மேசையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தை மறைப்பதாகச் சொல்லி அவர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அப்புசாமி பயந்துபோனார். வந்தவர்களோ தள்ளி நின்று இன்னும் பத்து நிமிஷம் பார்த்தார்கள். செல்வக்குமார் நிரந்தர ஊழியரானார்.

மகுடேஸ்வரன் படிப்பில் தேறினார், வகுப்பிலேயே கடைசியாக. ஆனால் கம்பெனிகளிலிருந்து ஆள் கேட்டு வந்தபோது கவிப்பிரியா முதலில் சொன்னது அவர் பெயரைத்தான். அப்புசாமி வாரத்தில் இரண்டு நாள் அவரை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். சாரதாமணிக்கு மட்டும், வெளியூர் போகிறவரிடம், டீ கொட்டினால் மாற்ற இரண்டு சட்டை கூடுதலாகக் கொடுத்தனுப்ப வேண்டுமே என்ற கவலை.

முதல் வேலை ஊத்துக்குளியில், ஒரு வெண்ணெய்ப் பண்ணையில். வெண்ணெய் எடுக்கும் வேலையில் தனக்கு ஒன்றுமே தெரியாதே என்று மகுடேஸ்வரன் தயங்கினார். அதனால்தான் அங்கே அனுப்புவதாகச் சொல்லி, கவிப்பிரியா ரயில் நேரத்தையும் சொன்னார்.